பாத்துக்கிறேன் அக்கா

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சில நேரம் அது எனக்கே மறந்துபோகும். வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ‘பாத்துக்கிறேன் அக்கா’தான். நேரில் வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டம். அதை வைத்தது நான் இல்லை. யார் வைத்திருந்தாலும் ஆளைச் சரியாக அளந்துதான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் அறை ஆபரேஷன் தியேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. ஒரு ஜன்னல் வழியாகக் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தக் கறையோடு உள்ளே வரும். கழுவி, உலர்த்தி, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, இரட்டைத் துணியில் கட்டி, நீராவி மெஷினில் ஏற்றுவோம். கட்டின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். மெஷினுக்குள் போய் வந்தால் அவை கறுத்துவிடும். கோடு கறுத்த கட்டு மட்டும்தான் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக மாடிக்குப் போகலாம். கறுக்காத கட்டு ஒன்று தவறிப் போனால் மேலே படுத்திருக்கிறவரின் உயிரோடு விளையாடியதாகிவிடும். வேலைக்குச் சேர்கிற எவருக்கும் நாங்கள் முதலில் சொல்லித் தருவது அதைத்தான்.

அந்த அறைக்கு அக்காதான் பொறுப்பு. நான் கட்டுக் கட்டும் மேஜையில் அவளுக்கு எதிரில் நிற்கிறவள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா அளவுக்கு வாயே இல்லாத ஒருத்திக்குப் பக்கத்தில் நின்றால் யாருடைய வாயும் நீளமாகத்தான் தெரியும்.

காலையில் தியேட்டர் சிஸ்டர் ஜன்னலில் தலையை நீட்டி, “அக்கா, இன்னைக்கு ரெண்டு கேஸ் கூடுதல்” என்பாள். “பாத்துக்கிறேன் சிஸ்டர்.” கழுவுகிற இடத்தில் நிற்பவளின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், “நீ கிளம்பு, நான் பாத்துக்கிறேன்.” மெஷின்காரன் வரவில்லையா, கைகழுவும் தொட்டியில் குழாய் ஒழுகுகிறதா, மேட்ரனின் அறைக்குத் திரைச்சீலை தைக்க ஆள் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதே பதில். திரைச்சீலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு, “கேட்டாங்க, முடியாதுன்னா சொல்ல முடியும்?” என்றாள். சொல்லலாம், நாக்கு ஒன்றும் அறுந்துவிடாது என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். அம்மா பாதி நாள் படுக்கையில். அப்பாவுக்குச் சைக்கிள் கடை, கடையே கதி. தம்பிக்கு மூக்கொழுகினாலும் தங்கைக்குச் சட்டை கிழிந்தாலும் வீட்டில் எல்லோரும் இவள் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். பாவாடை கட்டத் தெரிந்த வயதிலேயே இந்த வார்த்தையைப் பேசப் பழகிவிட்டாள். அந்த வார்த்தைக்கு வீட்டில் நல்ல மரியாதை இருந்தது. அது ஒன்றைச் சொன்னால்தான் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடுவாளாம். அதைக் கேட்டபின் நான் கொஞ்ச நாள் அக்காவைக் கிண்டல் செய்யவில்லை.

முதலில் மாறியது அவளுடைய தோள். வேலை ஏற ஏற இரண்டு தோளும் காதை நோக்கி ஏறும். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது என்றாள். எடுத்த கத்தரியை எங்கே வைத்தோம் என்று தேடினாள். கையிலேயே இருக்கும். பிறகு ஒருநாள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துத் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்க யாராவது இழுத்துப் போனால்தான் உண்டு.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

“பிரஷர்கூட நார்மல்தான்மா” என்றார் டாக்டர். “வேலைல டென்ஷன் ஜாஸ்தியா?”

“எங்க ரூம்ல பிரஷர் இல்லன்னா எதுவுமே சுத்தமாகாது டாக்டர்” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. “உங்க இதயத்துல கோளாறு இல்ல. ஆனா உங்களுக்கு வந்த வலி பொய் இல்ல. உடம்பு எப்பவும் அடி விழப்போற மாதிரியே விறைப்பா இருந்தா இப்படித்தான் வலிக்கும், மறக்கும், தூக்கம் போகும். மாத்திரைய விட உங்க வேலையோட அளவுதான் முக்கியம். குறைக்க முடியுமான்னு பாருங்க.”

“பாத்துக்கிறேன் டாக்டர்” என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒரு வாரம் படுத்திருக்கலாம், இப்போது ‘ஒன்றுமில்லை’யை வைத்துக்கொண்டு எப்படி லீவு கேட்பது என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒருத்தி நோய்க்கு ஆசைப்படுகிற அளவுக்குக் களைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்த மாதமே ஆஸ்பத்திரியில் மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றி ஒரு வகுப்பு வைத்தார்கள். யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் வந்து எங்களைக் கண்ணை மூடச் சொல்லி, ஓர் அருவியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு ஒழுகுகிற குழாய்தான் நினைவுக்கு வந்தது. “இங்க யாருக்கெல்லாம் ஸ்ட்ரெஸ் இருக்கு?” என்று கேட்டார். முதல் வரிசையில் மேட்ரன் உட்கார்ந்திருக்கும்போது எவள் கையைத் தூக்குவாள்? ஒரு கையும் எழவில்லை. அவரும் மகிழ்ச்சியோடு தொடர்ந்தார். ஆனால் ஒன்று சொன்னார். “ஸ்ட்ரெஸ் ஏறுறத உங்க உடம்புல எந்த இடம் முதல்ல சொல்லுதுன்னு கவனிங்க. அந்த இடத்துல பிடிச்சா சீக்கிரம் பிடிக்கலாம்.” அதை மட்டும் நான் முடிந்துவைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை யார் அடுக்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் அடுக்கியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளிலிருந்து அவள் தோள் ஏறும்போதெல்லாம் “அக்கா, தோள்” என்பேன். அவள் இறக்குவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறும். நானும் விடவில்லை.

தோளை இறக்கினாலும் வேலை இறங்கவில்லையே. அது ஒரு சாயங்காலம் பல்லைக் காட்டியது.

எலும்பு ஆபரேஷனுக்கு எங்களிடம் ஒரே ஒரு பெரிய கருவி செட்தான் உண்டு. அன்று மாலை அது அழுக்காக வந்து, கழுவி, மேஜையில் உலர்ந்துகொண்டிருந்தது. நான் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிளம்பும் நேரம். தியேட்டர் சிஸ்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “அக்கா, அந்த எலும்பு செட்டு நாளைக்குக் காலைல முதல் கேஸுக்கே வேணும்” என்றாள். அக்கா வேறொரு கருவித் தட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். நிமிராமலே, “பாத்துக்கலாம் சிஸ்டர்” என்றாள்.

வழக்கமான வார்த்தை இல்லை அது. எங்கள் பேச்சில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறே இருக்கிறது. ‘பாத்துக்கிறேன்’ என்றால் அதில் ஓர் ஆள் நிற்கிறாள். ‘பாத்துக்கலாம்’ என்றால் எல்லோரும் நிற்கிற மாதிரி இருக்கும், தேடிப் போனால் ஒருவரும் இருக்க மாட்டார். சிஸ்டரின் காதில் ‘முடித்துத் தருகிறேன்’ என்று விழுந்தது. என் காதில் ‘காலையில் வந்து செய்யலாம்’ என்று விழுந்தது. அக்காவைக் கேட்டால், தான் வாயையே திறக்கவில்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. சொன்னது அவளுக்கே தெரியாது, அவ்வளவு களைப்பு.

காலையில் மேலிருந்து ஆள் வந்து கேட்டபோது செட் உலர்ந்த மேஜையிலேயே துணி மூடிக் கிடந்தது. அவசரத்துக்கு மெஷினில் ஏற்றினாலும் உடனே தர முடியாது. கட்டு ஆற வேண்டும். சூட்டோடு வெளியே எடுத்தால் வேர்த்து ஈரமாகும், ஈரமானால் செய்த வேலையெல்லாம் வீண். மாடியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் முதல் நாள் இரவிலிருந்து பட்டினியோடு காத்திருந்தார். “காலு வலி போய் இப்ப வயிறுதான்மா வலிக்குது, அதுக்கு ஆபரேஷன் பண்ணுங்க” என்று அவர் கத்தினதைச் சிஸ்டர் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆபரேஷன் தாமதமாக நடந்து, நல்லபடியாக முடிந்தது. மேட்ரன் வந்து நான்கு வார்த்தை கேட்டுவிட்டுப் போனாள்.

அக்கா சுத்தமான கட்டுகள் அடுக்கியிருக்கிற உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

“நான் மேட்ரன்கிட்ட சொல்லி துணி ஸ்டோருக்குப் போயிடறேன்” என்றாள்.

“ஒரு தடவ லேட்டானதுக்கா?”

“லேட்டானதுக்கு இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “போன வாரம் கோடு கறுக்காத கட்டு ஒண்ணு என் கைல இருந்துச்சு. ஜன்னல் வரைக்கும் கொண்டு போயிட்டேன். கடைசில கண்ணுல பட்டுச்சு. பட்டிருக்காட்டி? இன்னைக்கு அவருக்குப் பசிச்சதோட போச்சு. அடுத்தது என்னவா இருக்கும்?”

பயத்தில் எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அவள் இல்லாத அந்த அறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு கத்தரியின் மூட்டுக்குள் ஒளிந்திருக்கிற கறையை அவளைப் போலக் கண்டுபிடிக்க வேறு ஆள் இல்லை, அவளும் அந்த வேலையை அவ்வளவு ஆசையாகச் செய்தாள்.

“போங்க, தாராளமா போங்க. அங்க இருக்கிற போர்வ, தலகாணி உறை எல்லாத்தையும் நீங்க ஒருத்தியாவே மடிப்பீங்க. இடம் மாறினா வாய் மாறிடுமா?” என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை மேட்ரனிடம் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

வார விடுமுறையன்று காலையில், சமாதானம் பேச அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் உள்ள மாடி வீடு. கூடத்தில் அவள் வீட்டுக்காரர் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், சொன்னால் எதையும் செய்வார். அந்த வீட்டில் அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

“உள்ள இருக்கா, போம்மா” என்றார்.

அடுத்த அறையில் அவர்கள் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. புத்தகம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன பாப்பா, படிக்கிறியா, மோந்து பாக்கிறியா?”

சிரித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தூரத்துல வெச்சா எழுத்தெல்லாம் கலங்குது சித்தி. போர்டுல எழுதறதும் தெரியறதில்ல. பக்கத்துல இருக்கிறவ நோட்டப் பாத்துதான் எழுதறேன்” என்றாள்.

“எத்தன நாளா?”

“போன பரீட்சைக்கு முன்னாடியிருந்து.”

“அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“வேணாம் சித்தி. நீங்களும் சொல்லாதீங்க. சொன்னா ‘நான் பாத்துக்கிறேன்’னு சொல்லிடுவாங்க.”

“நல்லதுதானே?”

“அப்புறம் அதையும் சேத்து அவங்கதானே தூக்கணும்” என்றாள், மிகவும் சாதாரணமாக.

நான் திரும்பினேன். சமையலறை வாசலில் அக்கா ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. அன்றைக்கு நான் ‘தோள்’ என்று சொல்லவில்லை.

வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகத்தைக் கையில் ஏந்தி இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஊசி முனை அளவு கறைய நான் விட்டதில்லடி” என்று என்னிடம்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “இவ கண்ணு கலங்கினது எனக்குத் தெரியல.” அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. கூடத்திலிருந்து வீட்டுக்காரர் கையில் ஸ்குரூடிரைவரோடு வந்து நின்று, மூன்று பெண்களையும் பார்த்துவிட்டு, “ஃபேனுக்காகவா அழறீங்க? சரியாயிடும்” என்றார்.

திங்கட்கிழமை அக்கா மேட்ரனைப் பார்க்கப் போனாள். நான் மெஷினைப் பார்க்கிற மாதிரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவள், “துணி ஸ்டோர் கேக்கல” என்றாள். “சாயங்காலத்துக்குக் கழுவ இன்னொரு ஆள் கேட்டேன்.”

“மேட்ரன் என்ன சொன்னாங்க?”

“பாக்கலாம்னாங்க.”

“விளங்கிடும்.”

“எப்ப மேடம், யாரு பாப்பாங்கன்னு கேட்டேன்” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் மூச்சு வாங்கியது. மேட்ரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இவளைப் பார்த்தாளாம். திட்டவில்லை. சாயங்கால ஆள் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, நடுவில் அக்கா இரண்டு முறை போய்க் கேட்டாள். ஆனாலும் ஆள் வந்தது.

அதற்குள் எங்கள் அறையில் ஒரு சட்டம் போட்டோம். ‘பாத்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்கிறவர் ‘யாரு?’ என்று கேட்க வேண்டும். முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. பெரிய டாக்டரே ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்து ஏதோ ஒன்றுக்குப் ‘பாத்துக்கலாம்’ என்று சொல்ல, கழுவுகிறவள் பழக்கதோஷத்தில் ‘யாரு?’ என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சட்டம் போடுவது சுலபம். அக்காவுக்குக் கடினமாக இருந்தது வேறு. ஒரு காலையில் சிஸ்டர் வந்து, மதியத்துக்குள் இரண்டு செட் கூடுதலாக வேண்டும் என்றாள். மெஷின் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அக்காவின் வாய் ‘பா’ என்று திறந்ததை நான் பார்த்தேன். மூடினாள். தோளை அவளே இறக்கினாள்.

“ஒண்ணுதான் முடியும் சிஸ்டர். எது முக்கியம்னு சொல்லுங்க.”

ஜன்னலில் இருந்த தலை இன்னும் கொஞ்சம் உள்ளே நீண்டது. சிஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை போல. பிறகு, “அப்படின்னா சின்ன செட்டக் குடுங்க. மத்தது நாளைக்கு மாத்திக்கிறோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இத்தன வருஷமும் கேட்டிருக்கலாமோ?” என்றாள். எல்லா நாளும் இப்படி அமையவில்லை. வேறொரு நர்ஸ் ‘இப்பல்லாம் ரொம்பப் பேசறா’ என்று மேலே போய்ச் சொன்னாள். அன்று அக்காவுக்கு மறுபடியும் நெஞ்சு இறுகியது. ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டு, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள். நோய் இல்லை என்று தெரிந்த வலிக்கு அவள் இப்போது அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

மகளைக் கண் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. கண்ணாடி தயாரென்று கடையிலிருந்து சொன்ன நாளில், அக்கா கிளம்பும் நேரம் பார்த்து மாடியிலிருந்து ஒரு பெரிய தட்டு அழுக்காக இறங்கியது. மகள் பள்ளிப் பையோடு கேட்டருகில் காத்திருந்தாள், எங்கள் அறையின் வாசல் பக்க ஜன்னலிலிருந்து தெரியும். அக்காவின் கை கையுறைப் பெட்டியை நோக்கிப் போனது.

“போங்கக்கா, பாத்துக்கலாம்” என்றேன்.

கை நின்றது. என்னைப் பார்த்தாள். “யாரு?”

“நான் பாத்துக்கிறேன்.”

தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எனக்கு அதுவே பெரிய மரியாதையாக இருந்தது.

மறுநாள் கட்டுக் கட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்ததும் மகள் கடைப் பலகை, பஸ் நம்பர் எல்லாவற்றையும் உரக்கப் படித்தாளாம். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் படிப்பதை நிறுத்திவிட்டாளாம்.

“அம்மா, நீங்க ரொம்பக் களைப்பா இருக்கீங்களே.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்றிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“ஆமாடி, களைப்பாதான் இருக்குன்னு சொன்னேன்.” டேப்பை ஒட்டி விரலால் அழுத்தித் தேய்த்தாள். “உடனே அவ என்ன சொன்னா தெரியுமா? ‘வீட்டுக்குப் போனதும் நீங்க படுங்கம்மா. சமையல நான் பாத்துக்கிறேன்’னா.”

எனக்குக் கை நின்றுவிட்டது. அக்காவின் குரலிலேயே அந்தப் பெண் சொல்வது எனக்குக் கேட்டது.

“பக்குனு ஆயிடுச்சு எனக்கு” என்றாள் அக்கா. “அவ கையப் பிடிச்சு, ‘நீ பாத்துக்க வேணாம், நீ போய் விளையாடு. அப்பா பாத்துக்கட்டும்’னு சொல்லிட்டேன்.”

“பாத்துக்கிட்டாரா?”

“சோறு குழைஞ்சு போச்சு” என்றாள். தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. “நல்லாத்தான் இருந்துச்சு.”